மிதியில்லை, பற்றரியில்லை, இறக்கமும் இல்லை

மட்டக்களப்பில் இறக்கம் வேண்டுமென்றால் பாலத்தடிக்குத்தான் போக வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற ஊர். சைக்கிள்காரருக்கு இது சொர்க்கம், பெயாரிங் வண்டில் செய்கிற பொடியன்களுக்குச் சோதனை. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளக்கட்டாவது வாய்த்தது.

எங்கள் வண்டில் மூன்று பெயாரிங்கில் ஓடியது. கராஜில் கழித்துப்போட்டதைக் கெஞ்சி வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுவோம். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. முன் கட்டையின் நடுவில் ஓர் ஆணி, இரண்டு முனையிலும் கயிறு. அதுதான் ஸ்டியறிங். கொங்கிறீட்டில் ஓடினால் அடுத்த ஒழுங்கை வரை சத்தம் கேட்கும். சமதரையில் அதைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். இப்போது யார் தள்ளுகிற முறை என்பதில்தான் எங்கள் சண்டைகளில் பாதி நடந்தது. தள்ள ஆளில்லாத நாட்களில் ஏறி உட்கார்ந்து, கயிற்றை இடமும் வலமுமாக இழுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறேன். வண்டில் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

அந்த ஆட்டம் ஏன் பலிக்கவில்லை என்பது எனக்குப் போன மாதம்தான் விளங்கியது. அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு யாரோ ஒரு ‘ஸ்விங் கார்’ வாங்கிக்கொடுத்திருந்தார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் வண்டி, மிதி கிடையாது, சங்கிலி கிடையாது. பிள்ளை ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டியறிங்கை இடம் வலமாக ஆட்டினாள். வண்டி பாட்டுக்கு விறாந்தையில் ஓடியது. அம்மம்மா அதைப் பிடித்து நிறுத்தி, கவிழ்த்துப் பார்த்தார்.

“எங்க மனே பற்றரி?”

பற்றரி இல்லை. வேலையைச் செய்வது பிள்ளையின் தோளும் கையும்தான், மத்தியானம் சாப்பிட்ட சோறுதான் எரிபொருள். அது சரி, ஆனால் கையை ஆட்டுவது இடம் வலமாக, வண்டி போவதோ முன்னால். பக்கத்துக்குப் போட்ட பலம் எப்படி முன்னுக்குத் திரும்பியது?

வண்டி கவிழ்ந்திருந்தபோதே பார்த்துக்கொண்டேன். பின்னால் இரண்டு சில்லு, அசையாமல் நேரே பொருத்தியவை. முன்னால் ஸ்டியறிங் தண்டோடு சேர்ந்து திரும்புகிற இரண்டு சின்னச் சில்லு. கவனிக்க வேண்டியது இவை இருக்கும் இடம். தண்டுக்கு நேர் கீழே இல்லை, நாலு விரல் விலகி இருக்கின்றன. ஆகவே ஸ்டியறிங்கைத் திருப்பும்போது சில்லு நின்ற இடத்தில் சுழலாது, விளக்குமாறு கூட்டுவது போல நிலத்தில் ஒரு வில் வரையப் பார்க்கும்.

பார்க்கும், ஆனால் முடியாது. உருளுகிற திசையில் சில்லைப் போல இணக்கமான பொருள் இல்லை. பக்கவாட்டில் இழுத்தால் அதைப் போல அடம்பிடிக்கிற பொருளும் இல்லை. நிலத்தோடு உள்ள உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. நிலம் கொடுக்கிற இந்த எதிர்ப்பு எப்போதும் சில்லின் அச்சு வழியாகத்தான் வரும்.

ஸ்டியறிங் நேராக இருக்கும்போது அச்சு வண்டிக்குச் சரியாகக் குறுக்கே கிடக்கிறது. அப்போது நிலம் என்னதான் தள்ளினாலும் அது பக்கத்துக்குத்தான், முன்னுக்கு ஒன்றும் தேறாது. 20 பாகை திருப்பினால் அச்சும் 20 பாகை சாய்கிறது. இப்போது அச்சு வழியாக வரும் தள்ளு இரண்டாகப் பிரியும். பெரும்பங்கு பக்கத்துக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டியின் நெடுக்குத் திசைக்கு. வண்டியை ஓட்டுவது இந்த மூன்றிலொரு பங்குதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். இடப்பக்கம் திருப்பும்போது முன்னால் தள்ளுகிறதென்றால், வலப்பக்கம் திருப்பும்போது பின்னால் இழுக்காதா? ஒன்றை ஒன்று கழித்து வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமே?

எட்டாம் வகுப்பில் சேர் பலகையில் எழுதிப்போட்ட அதே விதிதான் இங்கே காப்பாற்றுகிறது: கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல். கை ஒரு கோடிக்குப் போய், நின்று, மறுபக்கம் திரும்பத் தொடங்குகிற அந்தக் கணத்தைப் பாருங்கள். சாய்வு அதிகமாக இருப்பதும் அப்போதுதான், கை பலமாக இழுப்பதும் அப்போதுதான். மறு கோடியில் சாய்வின் பக்கம் மாறுகிறது, தள்ளின் பக்கமும் சேர்ந்தே மாறுகிறது. இரண்டும் ஒன்றாகப் புரள்வதால் நெடுக்குப் பங்கு மட்டும் புரள்வதில்லை. இடக் கோடியில் முன்னுக்கு ஓர் உந்து, வலக் கோடியிலும் முன்னுக்கு ஓர் உந்து. பக்கத் தள்ளுகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, வண்டி இலேசாக நெளிந்தபடி போகிறது. மீன் வாலை இரண்டு பக்கமும் அடித்து ஒரே திசையில் போவதும் இந்தக் குடும்பத்துக் கணக்குத்தான். மீனுக்கு நீர் செய்கிற உபகாரத்தைச் சில்லுக்கு நிலத்தின் பிடி செய்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. தள்ளின் அளவும் ஆட்டத்தின் அகலத்தைப் பொறுத்தது, சாய்வும் அகலத்தைப் பொறுத்தது. அதனால் அதே தாளத்தில் ஆட்டினாலும் அகலத்தைப் பாதியாக்கினால் உந்து காற்பங்காகிவிடும். கூச்சப்பட்டு இலேசாக ஆட்டுகிற பெரியவர்கள் நகராமல் நிற்பதும், வெட்கமில்லாமல் ஆட்டுகிற பிள்ளைகள் பறப்பதும் இதனால்தான்.

ஸ்டியறிங்கை அரை வட்டம் திருப்பி, முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கிவிட்டு ஆட்டினால் இந்த வண்டி பின்னுக்குப் போகும். நாலு விரல் விலகியிருந்த சில்லு இப்போது தண்டுக்கு மறுபக்கம் வந்துவிட்டதல்லவா, அதனால் கணக்கில் ஒரு கழித்தல் கூடிவிடுகிறது. இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொம்மையைச் சமன்பாடுகளில் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். வண்டியின் அமைப்பு அளவுகளை மாற்றினால், அதே ஆட்டத்துக்கு அது முன்னுக்குப் போவதா பின்னுக்குப் போவதா என்பதே மாறலாம் என்று 2017இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டுகிறது.

இனி என் பெயாரிங் வண்டிலுக்கு வருகிறேன். அதில் ஆணிக்கு நேர் கீழே பெயாரிங் இருந்தது, விலகல் இல்லை. விலகல் வைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திராது. உருக்கு வளையம் கொங்கிறீட்டில் அருமையாக உருளும், ஆனால் பக்கவாட்டில் அடம்பிடிக்கத் தெரியாது, சறுக்கிவிடும். வளைவில் எங்கள் வண்டில் எத்தனையோ தரம் பின்பக்கம் அடித்துக்கொண்டு போய் வேலியில் நின்றதும் அதே குற்றத்தால்தான்.

பிள்ளையின் வண்டிக்கும் இந்த வருத்தம் வந்தது. விறாந்தைச் சீமெந்தில் நன்றாக ஓடியது, உள்ளே மாபிள் தரைக்குப் போனதும் நின்றுவிட்டது. ஸ்டியறிங் ஆடுகிறது, முன்சில்லு இடமும் வலமும் வழுக்குகிறது, வண்டி அசையவில்லை. சில்லைத் தட்டிப் பார்த்தேன். கட்டைப் பிளாஸ்டிக், நகத்தால் கீறினாலும் அடையாளம் விழவில்லை. நல்ல வண்டிகளில் பொலியூரத்தேன் என்கிற மெத்தென்ற பொருளைப் போடுவார்கள், ஸ்கேட் சில்லுகளில் இருப்பதும் அதுதான்.

பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு வளையம் வெட்டினேன். பிளாஸ்டிக்கை மண்தாளால் தேய்த்து, பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் பூசி, வளையத்தை இழுத்து மாட்டினேன். காய விட்டு இறக்கினால், மாபிளிலும் ஓடியது. இதற்கு ஒரு விலை உண்டு. றப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடும். ஆகவே முன்சில்லுக்கு மட்டும்தான் டியூப் போட்டேன். பின்சில்லில் தொடவில்லை.

கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றாள். கொண்டுபோனோம். கல்லடி மணலில் அது வண்டியே இல்லை, கதிரை. மணலில் சில்லு தனக்கு முன்னால் தானே ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டு அதில் ஏறப் பார்க்கிறது. ஆட்டத்தில் கிடைக்கிற சில்லறை உந்து அதற்குப் போதாது.

இந்த நெளிகிற குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. ஹென்ட்ரிக்ஸ் என்பவர் 1972இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஒரு முச்சில்லு வகை வண்டி ‘றோலர் றேசர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, நிலத்தோடு ஒட்டி உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டுவது. தென்னாபிரிக்காவில் 1989இல் ‘ஸ்நேக்போர்ட்’ பிறந்தது. ஒரு தண்டின் இரு முனையிலும் திரும்பக்கூடிய கால்பலகைகள், இடுப்பை முறுக்கினால் தரையைத் தொடாமலே போகலாம். இவற்றைப் பொம்மை என்று விட்டுவிடவில்லை. கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்திலும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலும் 1990களில் கணிதமும் ரோபோவும் படித்தவர்கள் இவற்றில் மினக்கெட்டிருக்கிறார்கள். பாம்பு போல ஊர்கிற ரோபோவை எப்படி நகர்த்துவது என்ற கேள்விக்கு, உருளச் சம்மதிக்கும், வழுக்க மறுக்கும் என்ற இந்த ஒற்றை விதி நல்ல துப்பாக இருந்தது. நெருக்கடியான இடத்தில் திறீவீலரை விடுகிறவர் செய்வதும் இதன் இன்னொரு முகம். பக்கவாட்டில் போக முடியாத வண்டியை முன்னும் பின்னும் நெளித்து நெளித்துப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்.

காலால் உந்துகிற ஸ்கூட்டரில் இத்தனை சூட்சுமம் கிடையாது. நிலத்தைப் பின்னால் தள்ளுகிறோம், நிலம் நம்மை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். 1817 யூனில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் மிதியில்லாத இருசில்லு மர வண்டியில் ஏறி ஓடிக்காட்டியதும் இப்படித்தான். இப்போதைய மடிக்கும் அலுமினிய ஸ்கூட்டருக்கு வித்திட்டவர் சுவிற்சர்லாந்தின் விம் ஔபோட்டர். சூரிச்சில் அவருடைய வீட்டிலிருந்து சொசேஜ் கடைக்கு நடந்து போகத் தூரம், வாகனத்தை வெளியே எடுக்கக் கிட்ட. அந்த இடைத்தூரத்துக்குத்தான் அவர் ஸ்கூட்டரை யோசித்தாராம். நமக்கு அந்த இடைத்தூரத்தைச் சைக்கிள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சின்னச் சில்லுக்கு இன்னொரு பகை சிறு கல். 1 செ.மீ. உயரக் கல்லில் சில்லு முட்டினால், அதை முன்னுக்கு இழுத்து மேலே ஏற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கலாம். 33 செ.மீ. ஆரையுள்ள சைக்கிள் சில்லு திடமானது என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் இறங்குகிற பாரத்தின் காற்பங்கு போதும். 5 செ.மீ. ஆரையுள்ள ஸ்கூட்டர் சில்லுக்கு முக்காற்பங்கு. எங்கள் வண்டிலில் போட்ட மாதிரி, 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6203 இலக்கப் பெயாரிங்குக்கு பாரத்தைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. என் முழங்காலில் இன்னும் இருக்கிற தழும்புக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

கொங்கோவின் கோமா நகரத்தார் இதைச் சமன்பாடு இல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே ‘சுக்குடு’ என்று ஒரு மர ஸ்கூட்டர். ஆள் நீளத்தையும் மிஞ்சிய பலகை, மரத்தில் கடைந்த சில்லு, அதைச் சுற்றி றப்பர். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் உந்துவார்கள். மரக்கறி, விறகு, கரி என்று நூற்றுக்கணக்கான கிலோ ஏற்றி மலை இறக்கத்தில் வருவார்கள். அந்த வண்டிக்கு நகரத்தில் சிலைகூட இருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. ஒரே வித்தியாசம், அவர்களுக்கு மலை இருக்கிறது.

டியூப் ஒட்டிய அன்று மாலை, பிள்ளை நித்திரையான பிறகு, விறாந்தையில் ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அம்மம்மா வண்டியில். ஒரு கையால் சீலையைக் கூட்டிப் பிடித்தபடி மறுகையால் ஸ்டியறிங்கை இலேசாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இது போகுதில்லயே மனே.”

“அகலமா ஆட்டணும் அம்மம்மா, ரெண்டு கையாலயும்.”

ஆட்டினார். வண்டி போனது, பின்னுக்கு, நேராகப் பூச்சாடிகளுக்குள். பிள்ளை ஸ்டியறிங்கை அரை வட்டம் திருப்பி விட்டுப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை.