அரிப்பை அடக்குவதற்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

"டாக்டர், ராத்திரி முழுவதும் சொறிந்துகொண்டே இருக்கிறது. போன தடவை போட்ட ஊசியையே போட்டுவிடுங்கள், ஒரே நாளில் நின்றுவிட்டது." நாய் வளர்ப்பவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் அரிப்புக்கான காரணம் அப்படியே இருப்பதால், மருந்தின் வேகம் தீர்ந்ததும் நாய் மறுபடி சொறியத் தொடங்கும். இப்படியே மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு போனால், நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும், தோல் மெலியும், வயிறு தொங்கும், கிருமித் தொற்று எளிதில் வரும். ஸ்டீராய்டை நான் வெறுப்பவன் அல்ல. தாங்க முடியாத அரிப்புக்குச் சில நாள்கள் மாத்திரையாகக் கொடுப்பது நல்ல மருத்துவம்தான். மாத்திரையை வேண்டும்போது படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது.

எங்கே சொறிகிறது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இடுப்பும் வால் தொடங்கும் இடமும் என்றால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிப்பேன். காது மடலின் ஓரம், முழங்கை, குதிங்கால் என்றால், தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய சொறிப்பூச்சி. பாதம், அக்குள், தொடை இடுக்கு, காதுக்குள் என்றால் ஒவ்வாமை. பாதத்தை ஓயாமல் நக்குவதைப் பலர் "சுத்தம் செய்துகொள்கிறது" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விரல் இடுக்கில் வெள்ளை முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் அது எச்சில் கறை. அந்த நாய்க்குப் பல நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது.

தெள்ளுப்பூச்சி என்றதும் பலருக்குக் கோபம் வரும். "எங்கள் வீடு அவ்வளவு சுத்தம், ஒரு பூச்சிகூடக் கண்ணில் பட்டதில்லை" என்பார்கள். பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். கடித்த பூச்சியையும் அது நக்கியே விழுங்கிவிடும். அதனால் பூச்சியைத் தேடாதீர்கள், அதன் கழிவைத் தேடுங்கள். வால் பக்கத்து முடியைப் பேன் சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். துருநிறத்தில் கசிந்து பரவினால் அது செரித்த ரத்தம், சந்தேகமே வேண்டாம். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும்.

நாயின் மேல் இருப்பது பூச்சிக் கூட்டத்தில் சிறு பகுதிதான். முட்டைகள் உதிர்ந்து மெத்தையிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் கிடக்கும். கூட்டுப்புழுவாக அது மாதக்கணக்கில் காத்திருக்கும், மருந்துத் தெளிப்பும் கூட்டுக்குள் சரியாக நுழையாது. பனிக்காலத்தில் பூச்சி ஓயும் ஊரும் நம் ஊர் அல்ல. ஆகவே வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் குறைந்தது 3 மாதம், எடைக்கு ஏற்ற மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் தெள்ளுப்பூச்சி மாத்திரை எழுதும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொறிப்பூச்சி வேறு வகைத் தொல்லை. நாயோடு படுத்துறங்கும் குழந்தையின் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சிறு பருக்கள் வந்திருந்தால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தும் பூச்சி சிக்காமல் போவது சாதாரணம். அறிகுறி பொருந்தினால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு இது மூளையைத் தாக்கும் நஞ்சு. மற்ற இனங்களுக்கும் அளவு மீறினால் அதே கதிதான்.

நாய் மேல் நாற்றம், பிசுபிசுப்பு, பொடுகு, சீழ்ப் பொட்டு இருந்தால் பாக்டீரியாவோ பூஞ்சையோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். தோலில் டேப்பை ஒட்டியெடுத்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மருந்து ஷாம்புவை நுரையோடு 10 நிமிடம் விட்டுப் பிறகு கழுவுங்கள். உடனே கழுவினால் காசுதான் வீண்.

இனி உணவு. "கோழி சூடு, அதை நிறுத்திவிட்டோம்" என்று பலர் சொல்கிறார்கள். பிரச்சினை சூட்டில் இல்லை, குறிப்பிட்ட புரதத்தில் இருக்கிறது. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை இவைதான் நாய்களில் அதிகம் ஒத்துக்கொள்ளாதவை. அதாவது நாம் அன்போடு ஊட்டும் தயிர்சாதமும் பிஸ்கட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தையோ, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த சிகிச்சை உணவையோ மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. இதில் "மட்டும்" என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுகின்றன. பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட், குழந்தையின் தட்டிலிருந்து விழும் முட்டைத் துண்டு, இறைச்சிச் சுவையூட்டிய குடற்புழு மாத்திரை ஆகிய எதுவும் சோதனையைக் கெடுத்துவிடும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் காரணம் உறுதியாகிறது.

பூச்சி இல்லை, தொற்று இல்லை, உணவும் இல்லை என்று ஆன பிறகே தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் பரம்பரை ஒவ்வாமை என்ற முடிவுக்கு வருவோம். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும், லாப்ரடார், பக் போன்ற இனங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். இது முழுதாகக் குணமாகும் நோயல்ல. ஆனால் ஓக்ளாசிடினிப் போன்ற அரிப்பை அடக்கும் மாத்திரைகளாலும் முறையான குளியலாலும் அந்த நாய் நிம்மதியாகத் தூங்கி வாழ முடியும். அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மண்ணெண்ணெய், எரிந்த இன்ஜின் ஆயில் இரண்டையும் தயவுசெய்து தடவாதீர்கள். தோலை வேகவைக்கும், நக்கினால் உள்ளே போய் நஞ்சாகும். நம் சளி மாத்திரைகளும் வேண்டாம். சூடோஎபெட்ரின் சேர்ந்தவை நாயின் இதயத்தைத் தாக்கும். இன்றிரவே ஆறுதல் வேண்டுமானால், வெந்நீர் அல்ல, குளிர்ந்த நீரில் 10 நிமிடம் நனைத்து, நன்றாகத் துவட்டி, நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். தோல் சிவந்து ஈரமாகி மணிக்கணக்கில் பரவினாலோ, காது மடல் வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி, எங்களிடம் வருவதற்கு முந்தைய இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். நாங்கள் நுண்ணோக்கியில் தேடப்போவது அந்த அழுக்கைத்தான்.