ஒரு நாள் கூலி 450 கிராம்

நான் ஆஸ்பத்திரில டயட்டீஷியன், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கு கிராம் கணக்குதான். சரித்திரம் பேச இவ யாருன்னு கேப்பீங்க. ஆனா 1876-78 தாது வருஷப் பஞ்சத்தப் பத்தி டயட்டீஷியன்ங்க கொஞ்சம் சத்தமாவே பேசணும்னு நினைக்கிறேன், ஏன்னா அங்க நடந்த அநியாயம் முக்கால்வாசி ஒரு டயட் சார்ட்ல அடங்கிடும்.

அந்தப் பஞ்சத்தோட பேரு நம்மூர்ல எல்லாருக்கும் தெரியும். பசங்க அவசர அவசரமா அள்ளிப் போட்டா, தாது வருஷத்துப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி திங்காதடான்னு பாட்டிங்க திட்டுவாங்க. அதுக்கு மேல கேட்டா, மழை பெய்யல, ஜனங்க செத்தாங்க, வெள்ளைக்காரன்தான் பாவம் என்ன பண்ணுவான், இவ்ளோதான் பதில் வரும். எத்தன பேரு செத்தாங்க, யாரு முடிவெடுத்தா, என்ன முடிவு, ஒண்ணும் தெரியாது. சென்னைல பறக்கும் ரயில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாத்தானே போகுது, அதுல அடையாறையும் கூவத்தையும் சேக்குற துண்டு 1877-78-ல பஞ்ச நிவாரண வேலையா வெட்டுனதுன்னு அதுல தினமும் போற எத்தன பேருக்குத் தெரியும்?

எங்ககிட்ட டிரெய்னிங் வர்ற பொண்ணுங்களுக்கு நான் ஒரு கணக்கு குடுப்பேன். ஆளு பேரு, வருஷம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆம்பள, நாள் முழுக்க வெயில்ல மண்ணு வெட்டுற வேலை, சாப்பாடு 450 கிராம் தானியம், எவ்ளோ கலோரி வரும், எவ்ளோ வேணும்? உடனே போட்டுடுவாங்க. 100 கிராமுக்கு 350 கலோரின்னு வெச்சா 1,575. கடுமையான உடலுழைப்பு பண்ற ஆம்பளைக்கு இன்னைக்கு ஐசிஎம்ஆர் சொல்ற அளவு 3,470. பாதி கூட இல்ல. ஒரு பொண்ணு சார்ட்டப் பாத்துட்டு, "மேம், இது நாம ஐடி ஆளுங்களுக்கு எழுதித் தர்ற வெயிட் லாஸ் டயட் மாதிரில்ல இருக்கு"ன்னா. அதேதான். ஏசி ரூம்ல சேர்ல உக்காந்திருக்கவங்க இளைக்கறதுக்கு நான் எழுதுற அளவு அது, அதையும் காய், தயிர், முட்டையோட சேத்துதான் எழுதுவேன்.

அப்புறம்தான் விஷயத்த சொல்லுவேன். 1877 ஆரம்பத்துல சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒருத்தர வைஸ்ராய் லிட்டன் தெக்க அனுப்புறார், செலவக் குறைக்கச் சொல்லி. நிவாரண வேலை செய்றவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், மேல ஒரு அணான்னு அவர் வெச்சதுதான் டெம்பிள் கூலி. பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும் அதவிடக் கம்மி. உப்பு மிளகாயெல்லாம் அந்த ஓரணாக்குள்ளயே, அதுவும் பஞ்ச காலத்து வெலைல. லிட்டன் என்ன பண்ணிட்டிருந்தார்னா, 1877 ஜனவரி 1 டெல்லில தர்பார், விக்டோரியா மகாராணிய இந்தியாவுக்குப் பேரரசின்னு அறிவிக்க. அந்த வருஷங்கள்ல இங்கருந்து இங்கிலாந்துக்கு கோதுமை ஏத்துமதி ஆயிட்டுதான் இருந்துச்சு.

வெள்ளைக்காரன் பாவம் என்ன பண்ணுவான்ங்கறவங்களுக்கு நான் வெச்சிருக்க பதில் 1874. இதே டெம்பிள்தான் 1873-74-ல பீகார் பஞ்சத்துல பர்மால இருந்து அரிசி வரவழெச்சு சமாளிச்சார், சாவு ரொம்பக் கம்மி. அதுக்கு அவருக்குக் கெடச்சது வீண்செலவு பண்ணிட்டார்னு திட்டு. மூணே வருஷத்துல ஆளு அப்படியே மாறிட்டார். இந்த ஒரு வருஷம் மண்டைல இருந்தா போதும், "அப்பல்லாம் எப்படிக் காப்பாத்துறதுன்னே தெரியாது"ங்கற பேச்சு அங்கயே நின்னுடும்.

எல்லாம்தான் போன்ல இருக்கே, எதுக்கு மனப்பாடம் பண்ணணும்னு கேக்கறாங்க. எதத் தேடணும்னே தெரியாதவன் போன்ல என்னத்தத் தேடுவான், சொல்லுங்க. ஹூப்பர்னு ஒரு ராணுவ அதிகாரி அப்ப மெட்ராஸ் பக்கம் எடுத்த எலும்பும் தோலுமான ஜனங்க போட்டோ இருக்கு, அதையே 1943 வங்காளப் பஞ்சம்னு வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க, எனக்கே வந்திருக்கு. ரெண்டும் நடந்ததுதான், ஆனா போட்டோ தப்புன்னு எவனாவது நிரூபிச்சிட்டா அடுத்து பஞ்சமே பொய்னு ஆரம்பிப்பான். நம்மாளுங்க ஆவேசத்துல சாவுக் கணக்க இஷ்டத்துக்கு ஏத்தி விடறதும் அதே வேலையத்தான் செய்யுது. 55 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் கணக்கு இருக்கு, அதுவே போதாதா, இன்னும் எதுக்கு ஏத்தணும்?

இன்னொண்ணு, செத்தவங்கள்ல நெறைய பேரு காலராலயும் பேதிலயும் மலேரியாலயும் போனவங்க, அதனால பட்டினிச் சாவு இல்லன்னு ஒரு வாதம் வரும். எங்க தொழில்ல இத ஒத்துக்கவே மாட்டோம். மாசக்கணக்கா புரோட்டீன் இல்லாத ஒடம்பு குடலையும் காப்பாத்தாது, கிருமியையும் எதுக்காது. வார்டுல எடை எறங்கிப் போன பேஷண்ட்டுக்கு சாதாரண இன்ஃபெக்ஷனே எப்படி ஆளக் கவுக்குதுன்னு பாத்தவங்களுக்கு இது புரியும்.

அன்னைக்கும் இதச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். மெட்ராஸ் மாகாணத்தோட சுகாதார கமிஷனர் கார்னிஷ். வேலை செய்றவனுக்குக் கொறஞ்சது 680 கிராம் தானியம், கூட காய்கறி, பருப்பு மாதிரி புரோட்டீனும் வேணும்னு கணக்கோட சண்ட போட்டார். அநியாயம்னு மட்டும் சொல்லியிருந்தா யாரு கேட்டிருப்பா? கையில நம்பர் இருந்துச்சு. 1877 மார்ச்லயே மெட்ராஸ் சர்க்கார் 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்புன்னு ஏத்துச்சு, கார்னிஷ் கேட்டதுல பாதி தூரம். அதுக்குள்ள போனவங்க போனதுதான்.

அந்த 43 கிராம் பருப்புல சுமார் 10 கிராம் புரோட்டீன் வரும். அடுத்த பேட்ச் பொண்ணுங்களுக்கு இந்த சார்ட்டையும் சேத்துக் குடுக்கப் போறேன்.