கிரீன் பெல்ட் வயலில் சோலார் பண்ணை: ஆட்சேபனைக் கடிதம் வீணாகாமல் இருக்க

இங்கிலாந்தில் எங்கள் ஊர் எல்லையில் உள்ள கிரீன் பெல்ட் (நகரம் பரவாமல் இருக்கத் திறந்தவெளியாகக் காக்கப்படும் நிலம்) வயல்களில் சோலார் பண்ணை போடப்போவதாகச் சொல்லி, கம்பனிக்காரர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அவர்கள் நீட்டிய படிவத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்சேபனை போய்ச் சேர்ந்தது என்று மாதக்கணக்காக நம்பியிருந்தார். கவுன்சில் கோப்பில் அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. அந்தப் படிவம் கம்பனிக்குப் போவது. விண்ணப்பம் கவுன்சிலில் பதிவாகி, அதற்கு ஓர் எண் விழுந்த பிறகு, அந்த எண்ணைப் போட்டுக் கவுன்சிலுக்கு எழுதுவதுதான் ஆட்சேபனை. ஊர் அளவிலான சிறிய பரிஷ் கவுன்சிலில் கொடுத்தாலும் கணக்கில்லை. அவர்கள் கருத்துச் சொல்லலாம், தீர்மானிக்க முடியாது.

இங்கிலாந்தில் கிரீன் பெல்ட் நிலத்தில் சோலார் தகடுகள் பெரும்பாலும் பொருத்தமற்ற கட்டுமானம்தான். அனுமதி கிடைக்க, 'மிகச் சிறப்பான சூழ்நிலை' இருப்பதைக் கம்பனி காட்ட வேண்டும். ஆனால் சுத்தமான மின்சாரம் தரும் நன்மையே அந்தச் சூழ்நிலையாகலாம் என்று அதே தேசியக் கொள்கை சொல்கிறது. ஆகவே "இது கிரீன் பெல்ட், விடாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

2024 டிசம்பரில் தேசியக் கொள்கையில் 'கிரே பெல்ட்' என்று ஒரு புதுக் கதவை அரசு திறந்துவிட்டது. நிலம் அந்த வகைக்குள் வந்து, வேறு சில நிபந்தனைகளும் நிறைவேறினால், சிறப்புச் சூழ்நிலையைக் காட்டும் சுமை கம்பனிக்கு இல்லை. பெருநகரம் பரவுவதைத் தடுப்பது, நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது, பழைய நகரங்களின் சூழலைக் காப்பது ஆகிய மூன்றில் ஒன்றுக்காவது அந்த நிலம் வலுவாக உதவுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்; உதவினால் அது கிரே பெல்ட் அல்ல. நாட்டுப்புறத்தைக் காப்பது என்ற காரணம் இந்த மூன்றில் இல்லை! நம்மவர்கள் எழுதுவதோ பெரும்பாலும் அதைத்தான். கம்பனியின் திட்டமிடல் அறிக்கையில் 'கிரே பெல்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் உங்கள் முதல் பத்தி அதற்கு மறுப்பாக இருக்கட்டும்.

யாரும் எழுதலாம். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம், விசா நிலையைக் கேட்கமாட்டார்கள், கட்டணமும் இல்லை. பெயரும் முகவரியும் கட்டாயம். அவை இணையத்தில் தெரியக்கூடும். அதனால் தொலைபேசி எண்ணையும் குடும்ப விவரங்களையும் கடிதத்துக்குள் எழுதாதீர்கள்.

ஆட்சேபனை எழுதக் குறைந்தபட்ச அவகாசம் 21 நாள். மின்கம்பத்தில் ஒட்டிய அறிவிப்பு மழையில் கிழிந்துபோயிருக்கும். கவுன்சிலின் அறிவிப்புக் கடிதம் அடுத்த வீட்டோடு நின்றிருக்கும். கவுன்சில் தளத்தில் மின்னஞ்சல் அறிவிப்பு இருந்தால் இன்றைக்கே பதியுங்கள். தளத்தின் கருத்துப் பெட்டி மூடிவிட்டால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பி, கிடைத்ததாகப் பதில் கேளுங்கள். தொலைபேசியில் "பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அது எங்கும் பதிவாகாது.

வீட்டு விலை இறங்கும், என் ஜன்னல் காட்சி போய்விடும் என்பவை கணக்கில் வராது. கிரீன் பெல்ட்டின் திறந்தவெளி, பொது நடைபாதை, வெள்ளம், கண்ணைக் கூசும் பிரதிபலிப்பு, லொறிப் போக்குவரத்து, பழைய கட்டடங்களின் சூழல் ஆகியவை வரும். மண் தரம் 1, 2, 3ஏ என்றால் அது நல்ல விளைநிலம்; மண் ஆய்வு அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 'தற்காலிகம்' என்பார்கள், பல விண்ணப்பங்களில் அது 40 வருடம். ஒரே கடிதத்தை நகலெடுத்து முப்பது பேர் அனுப்புவதைவிட, ஐந்து பேர் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதுவது மேல். கையெழுத்து மனுவைப் பல கவுன்சில்கள் ஒரே ஆட்சேபனையாகத்தான் எண்ணுகின்றன.

உங்கள் வட்டாரக் கவுன்சிலரை முதல் வாரத்திலேயே பிடியுங்கள். விண்ணப்பத்தைக் கவுன்சிலின் திட்டமிடல் குழுவின் முன் கொண்டுவரும்படி அவர் கேட்காவிட்டால், அதிகாரியே முடிவெடுத்துவிடக்கூடும். குழுவில் பேசவும் முன்பதிவு வேண்டும்; கிடைப்பது வழக்கமாக மூன்று நிமிடம்.

கம்பனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிப் புது எண்ணில் போட்டால் பழைய கடிதங்கள் தானாக அதில் சேராது. திரும்ப எழுத வேண்டும். எத்தனையோ பேர் இதில்தான் தோற்றார்கள்.

100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சோலார் பண்ணைகள் கவுன்சிலின் முடிவுக்கே வராது (2025 டிசம்பர் 31க்கு முன் இந்த எல்லை 50 ஆக இருந்தது). அவற்றுக்குத் தேசிய அளவிலான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் (Planning Inspectorate), அறிவிக்கப்படும் திகதிக்குள், அக்கறையுள்ள தரப்பாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

கவுன்சில் மறுத்தால் கம்பனிக்கு மேல்முறையீடு செய்ய ஆறு மாதம் உண்டு. அனுமதித்தால் நமக்கு மேல்முறையீடே இல்லை; முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிமன்ற மறுஆய்வு (judicial review) ஒன்றுதான், அதற்கும் ஆறே வாரம். அனுமதிக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து எண்ணுங்கள், உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல.