மண்சரிவு அறிக்கை யார் கையில் இருக்கிறது?

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்குப் பின்னால் நிலம் பிளந்திருக்கிறது என்று சொல்வதற்காக எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மூன்று தடவை கந்தோர் ஏறினார். மூன்று நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போனதுதான் மிச்சம். போன இடமெல்லாம் “இது எங்கள் வேலை இல்லை” என்றார்கள். யாருடைய வேலை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சரி, நாமே சொல்லிவிடுவோம். இலங்கையில் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. 1903இல் ஆனந்த குமாரசுவாமி தலைமையில் தொடங்கிய கனிய அளவையின் வாரிசு அது. இப்போது நடப்பது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். கல், மணல் அகழ உரிமம் கொடுப்பது, நில அதிர்வைப் பதிவது எல்லாம் அதன் பொறுப்பு. வரலாறு இவ்வளவு போதும். மண்சரிவு என்றால் போக வேண்டிய இடம் அதுவல்ல, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பெயரைக் கேட்டால் சீமெந்து சோதிக்கிற இடம் மாதிரி இருக்கும். அதனால்தான் ஆட்கள் ‘புவி’ என்று போட்டிருக்கிற பலகையைத் தேடிப் போய் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

கல்குவாரி வெடியால் சுவர் வெடித்தால் பணியகத்துக்கு எழுதுங்கள். “பெரிய சத்தம், வீடு ஆடியது” என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும். வெடி வைத்த தேதி, நேரம் வேண்டும். சுவர் வெடிப்பு எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதியை எழுதிப் படம் பிடியுங்கள். அடுத்த வெடிக்குப் பிறகு வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி ஒரு படம். வாய்ச் சண்டையை விட அந்தக் கோடு நன்றாகப் பேசும்.

நிலமே பிளந்தால், மரமோ லைட் கம்பமோ சாய்ந்தால், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அப்புறம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள், கிராம சேவகருக்கும் சொல்லுங்கள்.

இனி பெரிய பொறிக்கு வருவோம். “தோட்டக் காணி, உங்களிடம் உறுதி இல்லை, விண்ணப்பிக்க முடியாது” என்பார்கள். உறுதியும் வரைபடமும் கேட்பது புதிதாக வீடு கட்ட அனுமதி எடுப்பவர்களிடம். நீங்கள் கேட்பது அதுவல்ல. இருக்கிற லயத்துக்கு ஆபத்தா என்று வந்து பார்க்கச் சொல்கிறீர்கள். பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியிலேயே இதைப் போடுங்கள்: “வீடு கட்ட அனுமதி கேட்கவில்லை, மண்சரிவு ஆபத்தைப் பரிசோதிக்கக் கேட்கிறோம்.” கையளிக்கும்போது உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். “பார்த்துச் சொல்கிறோம்” என்பது பதில் இல்லை.

பரிசோதிக்க அதிகாரி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். தோட்டத் துரையோடு பேசிவிட்டு, லயத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஜீப் இறங்கிவிடும். ஒரு காம்பரா அறைக்குள் மூன்று குடும்பம் இருந்தாலும் பட்டியலில் ஒன்றாகிவிடும். கலியாணம் முடித்த மகன், மகள் பெயர்களைத் தனித்தனிக் குடும்பமாக எழுதி, வந்தவர் கையிலேயே கொடுங்கள்.

அறிக்கை எழுதப்படுவது வேறு, உங்கள் கைக்கு வருவது வேறு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. கடதாசி இருந்தது, சனமும் அங்கேயே இருந்தது. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகும் கடதாசியைக் கேட்காமல் இருக்க நமக்கு என்ன நியாயம்?

கேட்க வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அறிக்கை இருக்கிற கந்தோரின் தகவல் அதிகாரியிடம் பரிசோதனை நடந்த தேதி, சிபாரிசு, அறிக்கையின் பிரதி மூன்றையும் தமிழிலேயே கேட்கலாம். சாதாரணமாக முடிவு சொல்ல 14 வேலை நாள். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அதை நீங்கள் எழுதினால்தான் உண்டு; “இது எங்கள் உயிர் சம்பந்தப்பட்டது” என்று மேலேயே எழுதுங்கள். தகவல் அதிகாரி ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ரேடியோவில் மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும். மீரியபெத்தை இருப்பது ஹல்துமுல்லைப் பிரிவில். கொஸ்லந்தை என்று காது கொடுத்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். உங்கள் பிரிவின் பெயரை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயார், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ரேடியோ இல்லாத நேரத்துக்கு, நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து மழையை அடிமட்டத்தால் அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் ஏழரை சென்ரிமீற்றர் நிறைந்தாலே கவனம்; பதினைந்து ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

முத்திரை போட்ட பிரதிகளைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை லயத்தில் வைக்காமல், கீழே டவுனில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.