இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லையா? புதிய எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் ஒரு தந்தையும் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அவருடைய மகளும் ஒரு மடிக்கணினியுடன் வந்தார்கள். அப்டேட் பாதியில் நின்றுபோனதால் விண்டோஸ் திறக்கவில்லை. வேறொரு கடையில் புதிதாக விண்டோஸ் போட முயன்றிருக்கிறார்கள். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருந்திருக்கிறது. "எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதிதாக வாங்கிப் போட வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் புராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

நான் முதலில் பயாஸைத் திறந்தேன். விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரை அது. எஸ்.எஸ்.டி.யின் மாடல் பெயரும் 512 ஜி.பி. என்ற அளவும் அங்கே சரியாக இருந்தன. "உங்கள் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது அம்மா" என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

2020 செப்டம்பரில் வந்த 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களிலிருந்து பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்றொரு அமைப்பு கடையிலிருந்து வரும்போதே இயக்கப்பட்டிருக்கும். எஸ்.எஸ்.டி. நேரடியாக விண்டோஸின் கண்ணில் படாமல் வி.எம்.டி. என்ற கதவுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கதவின் சாவி இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. டிரைவர், அதாவது எஸ்.எஸ்.டி.யுடன் பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். மடிக்கணினியுடன் வந்த விண்டோஸில் அந்த டிரைவரைத் தயாரிப்பாளரே சேர்த்துவிடுகிறார். நாம் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் போடும் விண்டோஸில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. பட்டியல் காலியாக வருவதற்குக் காரணம் இவ்வளவுதான். எக்ஸ்பி காலத்திலும் இதே கதைதான். அப்போது எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுப்போம். இன்றும் இந்த டிரைவருக்கு எஃப்6 டிரைவர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது.

சரிசெய்ய, மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்குங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய நிறுவல் கோப்பை அப்படியே பென் டிரைவில் வைத்தால் இன்ஸ்டாலருக்கு அது பயன்படாது. அதைப் பிரித்தெடுத்து, ஐ.என்.எஃப். என்று முடியும் கோப்பு இருக்கும் கோப்புறையைப் பென் டிரைவில் வைக்க வேண்டும். பிறகு அந்தத் திரையில் உள்ள 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால், வி.எம்.டி. என்ற பெயருடன் ஒரு கன்ட்ரோலர் வரும். அதைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் பட்டியலில் வந்து நிற்கும். 512 ஜி.பி. டிஸ்க் அங்கே 476 என்று தெரியும், பயப்பட வேண்டாம். விண்டோஸ் கணக்கிடும் முறை அப்படி.

பயாஸில் வி.எம்.டி.யையே அணைத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சில ஏசர் மாடல்களில் அந்தத் தெரிவு மறைந்திருக்கும், பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால்தான் தெரியும். காலியான புது டிஸ்க் என்றால் தாராளமாக அணைக்கலாம். பழைய விண்டோஸும் தரவும் உள்ள டிஸ்கில் யோசிக்காமல் அதைத் தொடாதீர்கள். அந்த விண்டோஸ் நீலத்திரையில் போய் நின்றுவிடும். டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். தங்கள் கணினி பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்கு அந்த நேரத்தில்தான் தெரிகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் அந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. மீட்பு எண் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் பயாஸில் எதையும் மாற்ற வேண்டும். இரண்டு டிஸ்குகளை ஒரே டிஸ்க் போல ரெய்டாக இணைத்தவர்கள் வி.எம்.டி. பக்கமே போக வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொரு பழக்கத்தைப் பார்க்கும்போதுதான். டிஸ்க் தெரியவில்லை என்றதும் டிஸ்குகளைப் பிரிக்கவும் அழிக்கவும் விண்டோஸில் உள்ள டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து 'கிளீன்' கட்டளை கொடுப்பது. தெரியாத டிஸ்கை அது தெரிய வைக்காது. பட்டியலில் தெரிகிற வேறொரு டிஸ்கின் பார்ட்டிஷன் விவரங்களை ஒரே நொடியில் துடைத்துவிடும், உறுதி கேட்காது. பட்டியலில் 28, 29 ஜி.பி. அளவில் ஒன்று மட்டும் தெரிந்தால் அது நீங்கள் செருகிய 32 ஜி.பி. பென் டிரைவாகத்தான் இருக்கும்.

பயாஸிலேயே டிஸ்க் இல்லை என்றால் விஷயம் வேறு. கழற்றி மீண்டும் அழுத்திச் செருகிப் பாருங்கள். மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 வடிவ எஸ்.எஸ்.டி.களில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு வகை உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் மற்றது உட்கார்ந்தாலும் வேலை செய்யாது. மேசைக் கணினியில் எம்.2 டிஸ்க் செருகியதும் ஏதாவது ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும் போர்டுகளும் இருக்கின்றன, கையேட்டில் போட்டிருப்பார்கள். மாடல் பெயருக்குப் பதிலாக 'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று வந்தால் எஸ்.எஸ்.டி. உள்ளேயே பழுதாகியிருக்கிறது. உள்ளே முக்கியமான தரவு இருந்தால் நீங்களே எதையும் முயலாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் கணினியில் விண்டோஸ் போடும் வேலையை நான் உடனே தொடங்கவில்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே வி.எம்.டி. டிரைவர் இருக்கிறது. அதனால் பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸை நிறுவாமல் இயக்கினேன். டிஸ்க் தெரிந்தது, பிட்லாக்கர் பூட்டும் இல்லை. புராஜெக்ட் கோப்புறையை வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, கோப்புகளை அவளையே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் ஆர்.எஸ்.டி. டிரைவரை ஏற்றி, அதே எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் போட்டேன்.