மக்காச்சோளத்துக்கு ஏன் சுண்ணாம்பு?

மெக்சிகோவில் டார்ட்டியா ரொட்டிக்கான மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைக்கிறார்களே, எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தோல் உரிவதற்கு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

மக்காச்சோளம் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்பு தென்மேற்கு மெக்சிகோவில், தியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. அதை நீர்த்த சுண்ணாம்பிலோ மரச் சாம்பல் நீரிலோ வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பது அங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலான வழக்கம். அந்த நீரின் காரம் (நாக்கில் உறைக்கும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிக் காரம்) பட்டதும் தோலில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் கரைகிறது. மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஆகிவிடும் தோல், கையால் தேய்த்தாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அரைத்த மாவும் உதிராமல் திரண்டு நிற்கும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. எனக்குப் பிடித்தது தெரியாமல் நடப்பதுதான். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 வைட்டமின் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகளோடு எஸ்டர் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கிறது. நம் செரிமான நொதிகளால் அந்தக் கட்டை அவிழ்க்க முடிவதில்லை; வைட்டமின் வயிற்றுக்குள் போயும் உடலில் சேராது. சுண்ணாம்பு நீரின் ஹைட்ராக்சைடு அயனி அந்தப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. கொழுப்பைக் காரத்தோடு சேர்த்து சோப்பு செய்யும்போது உடைவதும் இதே எஸ்டர் பிணைப்புதான். ஒரே வேதிவினை, அங்கே சோப்பு, இங்கே வைட்டமின்!

கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட 1492-க்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது, செய்முறை போகவில்லை. அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, கடைசியில் மனமும் கலங்கியது. நியாசின் போதாமல் வரும் இந்தப் பெலாக்ரா நோயை 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பலியானார்கள்.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பகங்களில் தங்கியிருப்பவர்களுக்குத்தான் நோய் வருகிறது, ஊழியர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். தொற்று இல்லையென்று காட்ட நோயாளியின் ரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. லாபம் தராத இந்த மாதிரி ஆய்வுக்கு அரசுப் பணம்தான் கைகொடுக்கும். அதில் கைவைப்பதைவிட மோசமான சிக்கனம் இல்லை என்பது என் கருத்து.

முன்னோர்களுக்கு வைட்டமின் தெரிந்திருந்தது என்று இதை வைத்துக் கிளம்பிவிடக் கூடாது. அவர்கள் பார்த்தது தோலையும் மாவையும்தான். நியாசினே மருந்து என்பதற்கு வழிகாட்டியது 1937-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வேஜெமின் ஆய்வுக்கூடம்.

சரி, காரணமும் தெரிந்தது, மருந்தும் மலிவு. அப்படியும் 1990-இல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளில் 18,000 பேருக்கு மேல் பெலாக்ரா வந்தது. மக்காச்சோளத்தை நம்பியிருந்த அவர்களுக்கு, நியாசின் தந்துகொண்டிருந்த நிலக்கடலை விநியோகம் நின்றுபோயிருந்தது.