பிணைக்கைதியின் பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. மேற்கு ஆப்பிரிக்காவில் மின்கோபுர வேலைக்குப் போன விளவங்கோடு பக்கத்து இளைஞரை ஆயுதக் குழு ஒன்று சைட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போய்விட்டது. தகவல் வந்த அன்று ராத்திரியே அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கல்யாண ஃபோட்டோ, பாதி கட்டிய மாடி வீட்டின் படம், அண்ணனின் துபாய் நம்பர் எல்லாம் ஊர்க் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டன. மறுநாள் உள்ளூர் யூடியூப் சேனலில் மாமா ஒருவர், "எங்க பிள்ளை அங்க பெரிய இன்ஜினியர், கம்பெனியே அவன நம்பித்தான் ஓடுது" என்று கண்ணீரோடு பேட்டி கொடுத்தார். பையன் லைன்மேன். இவ்வளவும் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் நாகர்கோவிலில் வழக்கறிஞர். வெளிநாட்டு வேலை சம்பந்தப்பட்ட விவகாரங்கள்தான் என் மேசையில் அதிகம்: சம்பளப் பாக்கி, விசா மோசடி, இறந்தவர் உடலைக் கொண்டுவருவது. இவற்றுக்கு நடுவில் கடத்தலும் வருகிறது. முன்பு கடலில் சோமாலியக் கொள்ளையர்கள். இப்போது கரையிலும் நடக்கிறது. 2025 ஏப்ரலில் நைஜரில் மின்பாதை வேலை செய்த ஐந்து இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். ஜூலையில் மாலியின் கெய்ஸ் பகுதியில் சிமென்ட் ஆலையிலிருந்து மூன்று பேர். நவம்பரில் அதே மாலியில் கோப்ரி அருகே மின்மயமாக்கல் வேலையில் இருந்த ஐந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். யாரும் சண்டைக்குப் போனவர்கள் அல்ல. கம்பி இழுக்கவும் சிமென்ட் அரைக்கவும் போனவர்கள்.

"டிவியில வந்தாத்தான் சாரே கவர்மென்ட் அசையும்." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் அதிகக் கேடு செய்வது இந்த நம்பிக்கைதான்.

பிடித்து வைத்திருப்பவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஆங்கிலம் தெரிந்தவன் இருப்பான், ஃபேஸ்புக் பார்க்கத் தெரிந்தவன் இருப்பான். தமிழ் தெரியாவிட்டால் என்ன, மொழிபெயர்த்துக் கொடுக்க ஆயிரம் செயலி இருக்கிறது. உள்ளே இருக்கும் மனிதர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? "நான் சாதாரணக் கூலி, வீட்டில் ஒன்றுமில்லை" என்று. அதுதான் அவருடைய ஒரே தற்காப்பு. அந்த நேரத்தில் சொந்த மாமா கேமரா முன் நின்று, அவன் பெரிய இன்ஜினியர் என்கிறார். மாடி வீட்டின் படம் வேறு. கடற்கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள்; இந்த மீனை வாங்காமல் போகமாட்டான் என்று முகத்தில் தெரிந்துவிட்டால் விலை எங்கே போகும்? பேட்டி கொடுக்கிற ஒவ்வொருவரும் ஏலத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. நம் குமரி மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர் காவல் வேலைக்கு வெளிநாடு போகிறார்கள். அப்படிப்பட்டவர் பிடிபட்டால், பாசத்தில் யாரோ ஒருவர் அவருடைய பழைய சீருடைப் படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார். கூலித் தொழிலாளி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிற ஆளை அந்த ஒரு படம் எதிரிப் படைவீரன் ஆக்கிவிடும். சாதி, மதம், கட்சி பேசி எழுதும் பதிவுகளும் அப்படியே. எழுதுகிறவருக்கு லைக் கிடைக்கும். அடி அங்கே விழும்.

அப்புறம் கடத்தல்காரர்களே வீடியோ வெளியிடுவார்கள். அதில் பிடிபட்டவர் வாடிய முகத்தோடு, "என் அரசு எனக்காக ஒன்றும் செய்யவில்லை" என்பார். அதை எழுதிக் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். வீட்டார் பதறித் தெருவுக்கு வரவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பார்த்தால் அழுகை வரும், வரட்டும். அதை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் கடத்தல்காரன் கேட்ட வேலையை நீங்கள் கூலியில்லாமல் செய்து கொடுக்கிறீர்கள்.

ஊடகத்தில் போன நம்பருக்கு வருகிற அழைப்புகள் தனிக் கதை. "உங்க ஆள் எங்ககிட்ட இருக்கான், இவ்வளவு அனுப்பு" என்று, கடத்தலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் எங்கிருந்தோ பேசுகிறார்கள். குடும்பம் நகையை அடகு வைத்து அனுப்பியும் விடுகிறது.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? திறக்கவேண்டிய நேரம் உண்டு. நிறுவனம் போனை எடுக்காமல் ஒளிந்துகொண்டால், வெளியுறவு அமைச்சகத்திலிருந்து வாரக் கணக்கில் பதில் இல்லையென்றால், அப்போது நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். நெருக்கடி நிறுவனத்தின் மேல் விழவேண்டும். பிடிபட்ட மனிதரின் வேலை, வசதி, குடும்பம் எதுவும் அந்தப் பேச்சில் வரக் கூடாது.

இன்னொரு கோரிக்கையும் தவறாமல் வரும்: "மதுரையில ஒரு ஹேபியஸ் கார்பஸ் போடுங்க." ஆட்கொணர்வு மனு என்பது, ஆளை வைத்திருப்பவரை நீதிமன்றம் கூப்பிட்டு விசாரிக்க முடிகிற இடத்தில்தான் பயன்படும். சகாரா ஓரத்துக் காட்டில் இருப்பவனுக்கு மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்ப முடியாது. அதிகபட்சம், வெளியுறவு அமைச்சகம் உங்கள் மனுவைப் பரிசீலிக்கவேண்டும் என்று ஓர் உத்தரவு கேட்கலாம். அமைச்சகம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் வீண் செலவு. இதைச் சொன்னால் வேறு வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். போகட்டும்.

சரி, யார்தான் விடுவிக்கிறார்கள்? பெரும்பாலான சமயம், வேலைக்கு வைத்த நிறுவனம். 2004 ஜூலையில் ஈராக்கில் மூன்று இந்திய லாரி ஓட்டுநர்களைப் பிடித்தார்கள். மூவரும் குவைத் நிறுவனம் ஒன்றின் ஆட்கள். இந்திய அரசு அரபு மொழியும் அந்த வட்டாரமும் தெரிந்த தூதரை அனுப்பியது, கெடு பல முறை தள்ளிப்போனது. ஈராக்கில் தன் வேலையை நிறுத்திக்கொள்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது. செப்டம்பர் 1 அன்று வெளியே வந்தார்கள். எதிர் உதாரணமும் இருக்கிறது. 2010 மார்ச்சில் ஏடன் அருகே சோமாலியர்கள் பிடித்த ஐஸ்பெர்க் 1 கப்பல். உரிமையாளர் கைகழுவிவிட்டார். இந்தியர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இரண்டே முக்கால் வருடம் அதிலேயே கிடந்தார்கள். 2012 டிசம்பரில் சோமாலியாவின் பன்ட்லாந்துப் பகுதிக் கடல்காவல் படை சண்டை போட்டுத்தான் மீட்டது.

சில வழக்குகளில் மட்டும் அரசே நேரடித் தரப்பு ஆகிவிடும். சோமாலியர்கள் பிடித்த அஸ்பால்ட் வென்ச்சர் கப்பலுக்கு 2011 ஏப்ரலில் மீட்புப் பணம் போய்ச் சேர்ந்த பிறகும் ஏழு இந்தியர்களை விடவில்லை. இந்தியா பிடித்து வைத்திருந்த தங்கள் ஆட்களை விடச் சொன்னார்கள் கொள்ளையர்கள். அந்த ஏழு பேர் வந்தது 2014 அக்டோபரில்.

பெரிய நிறுவனங்கள் கடத்தலுக்கென்றே காப்பீடு எடுத்து வைத்திருக்கும். அதில் பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரும் சேர்த்தி. அப்படி ஒரு காப்பீடு இருப்பதை வெளியே சொன்னால் செல்லாது என்பது வழக்கமான நிபந்தனை. ஆகவே நிறுவனம் உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை உடனே துரோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரே அதிகாரி உங்களை அழைத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதனால்தான் நான் முதலில் கேட்பது, "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்?" ஒரு வீட்டிலும் பதில் இருப்பதில்லை. பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள்; காகிதத்தில் அதன் சப் கான்ட்ராக்டருக்குக் கீழே இருக்கும் ஆள் சப்ளை ஏஜென்சி இருக்கும். சில பேரிடம் காகிதமே இருக்காது. 2004 ஆகஸ்ட் கடைசியில் ஈராக்கில் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளர்கள் ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று கிளம்பியவர்கள். விசா ஒரு நாட்டுக்கு, வேலை இன்னொரு நாட்டில் என்றால் உங்களைத் தேடவேண்டிய தூதரகத்துக்கே நீங்கள் எங்கே என்று தெரியாது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். அதை எல்லோரும் பெருமையாக நினைக்கிறார்கள். ஆனால் அனுமதி தேவைப்படுகிறவரின் ஒப்பந்தத்தைத்தான் மத்திய அரசின் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் பார்க்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய காப்பீடு கட்டாயமாவதும் அவருக்குத்தான். அந்தக் காப்பீடும் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் தருவது. கடத்தப்பட்டுக் கிடக்கிற நாட்களுக்கு அல்ல. இந்த அனுமதி தேவைப்படும் பட்டியலில் இருப்பது 18 நாடுகள். ஈராக், ஏமன், லிபியா உண்டு. மாலியும் நைஜரும் இல்லை. படித்த பையன், பட்டியலில் இல்லாத நாடு: விமானம் ஏறும்வரை அவன் காகிதத்தை யாரும் படிப்பதில்லை.

ஆகவே நீங்களே படியுங்கள். சம்பளம் தருகிறவர் யார், வேலை நடக்கும் ஊர் எது, சைட்டுக்கும் கேம்புக்கும் போகும் வழியில் காவல் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பிடிபட்டால் சம்பளம் தொடருமா என்றும் கேளுங்கள். கப்பல்காரர்களுக்கு இது இப்போது சட்டம்: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2018 திருத்தம் 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது, கொள்ளையரிடம் இருக்கும் காலம் முழுக்கச் சம்பளம் ஓடும். கரையில் வேலை செய்கிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. ஏஜென்ட் முகம் சுளிப்பார். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் வரியும்தான். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கத் தயங்குவது என்ன நியாயம்?

கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். வீட்டிலுள்ள ஒருவருடைய நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், "வீட்டு நம்பர் சொல்" என்றால் வாயிலிருந்து வரவேண்டும். வீட்டார் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பணமில்லாமல் அணைந்து கிடந்த மனைவியின் நம்பருக்கு அழைப்பு வந்து திரும்பிப் போன வழக்கை நான் பார்த்திருக்கிறேன்.

கடத்தல் நடந்துவிட்டால், குடும்பத்தில் ஒரே ஒருவர் பேசட்டும், நிதானமானவராகப் பாருங்கள். அது அப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கொழுந்தியாள் தைரியசாலி என்றால் அவரே பேசட்டும். ஒவ்வொரு அழைப்பையும் பதிவு செய்து, தேதியும் நேரமும் நோட்டில் எழுதுங்கள். பணம் தருவதாகவோ முடியாது என்றோ சொல்லாதீர்கள். "கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறோம்" போதும். உண்மையிலேயே அவர்களிடம்தான் இருக்கிறாரா என்று தெரிய, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியைக் கொடுங்கள். சின்ன வயதில் எந்த மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது என்பது மாதிரி. ஃபேஸ்புக்கில் இருக்கிற பிறந்த நாளைக் கேட்டுப் பயனில்லை.

வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் எழுதுங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுப்பதும் நல்லதுதான். ஐம்பது பேர் போகவேண்டாம், இரண்டு பேர் போதும். ஏஜென்டை முதல் நாளே அடிக்கப் பாயாதீர்கள். மோசடி வழக்குப் போட நேரம் இருக்கிறது. நிறுவனத்தில் யாரிடம் பேசுவது என்பது முதல் வாரம் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். காகிதங்களை வாங்கிவிடுங்கள்.

இதெல்லாம் மாதக் கணக்கில் இழுக்கும். ஆப்கானிஸ்தானில் 2014 ஜூன் 2 அன்று கடத்தப்பட்ட தமிழ்நாட்டுப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார் 2015 பிப்ரவரியில் வந்தார். அதே நாட்டில் பாக்லான் மின்நிலைய வேலையில் 2018 மே மாதம் பிடிபட்ட ஏழு இந்தியர்களில் முதல் ஆள் விடுபட்டது 2019 மார்ச்சில், மேலும் மூவர் அக்டோபரில். அதுவரை வீடு ஓடவேண்டும். வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. வாரிசுச் சான்றிதழும் கிடைக்காது, அவர் உயிரோடு இருக்கிறார். தகவலே இல்லாதவரை இறந்ததாகச் சட்டம் கருத ஏழு வருடம் ஆகும். ஈராக்கின் மோசூலில் 2014இல் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டது 2018 மார்ச்சில் டிஎன்ஏ சோதனைக்குப் பிறகுதான் உறுதியானது. ஏறக்குறைய நான்கு வருடம் அந்தப் பெண்கள் மனைவியா விதவையா என்று தெரியாமல் இருந்தார்கள். கூட்டுக் கணக்கு ஒன்றும் பொது அதிகாரப் பத்திரம் ஒன்றும் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அவர் திரும்பி வந்துவிட்டால் விமான நிலையத்தில் மாலையும் மைக்கும் வேண்டாம். அவரோடு பிடிபட்டவர்கள் இன்னும் உள்ளே இருக்கலாம். எங்கே வைத்திருந்தார்கள், எப்படி விட்டார்கள் என்பதை அதிகாரிகளிடம் மட்டும் சொல்லட்டும். எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவேண்டாம், அவருக்கு அது தெரியவும் தெரியாது. முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மனநல மருத்துவரிடமும். சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. உடம்பு தேறி, தூக்கம் வரத் தொடங்கிய பிறகு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.